தலைகீழாய் நின்ற மலை

சுபாஸ்ரீக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. மல்காஜ்கிரி வீட்டிலிருந்து நெரிசல் பஸ்ஸில் களிமண் மலையைத் தூக்கி வந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

பள்ளிக் கண்காட்சியில் அவள் வகுப்புக்குக் கிடைத்த நாடு, தென் அமெரிக்காவின் பொலிவியா. அந்த நாட்டு ஆண்டிஸ் மலையைச் சுபாஸ்ரீ செய்திருந்தாள். மண் பிசைந்து பிசைந்து நகமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. பக்கத்து மேசையில் அவள் தோழி கிரிஜா. பெரிய தட்டில் தூள் உப்பைப் பரப்பி, உயுனி உப்புப் பாலைவனம் என்று வைத்திருந்தாள்.

உப்பு பளபளவென்று மின்னியது. கூட்டமெல்லாம் அங்கேதான்.

“இதுக்கு அடியில லித்தியம் இருக்கு. போன் பேட்டரி செய்ய அதுதான் வேணும்,” என்றாள் கிரிஜா.

“ஹவ்வா!” என்று வாயைப் பிளந்தான் வகுப்புத் தோழன் உமேஷ்.

‘மூணு பாக்கெட் உப்பைக் கொட்டினதுக்கு இவ்வளவு பவுசா?’ சுபாஸ்ரீக்கு வயிறு எரிந்தது.

மதியம் கிரிஜா சாப்பிடக் கிளம்பினாள். “சுபா, மழை வந்தா ஜன்னலை மூடிடுடீ.”

“ம்.”

மழை வந்தது. சுபாஸ்ரீ எழுந்திருக்கவில்லை. தோள் வலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இடது கை நன்றாகத்தான் இருந்தது.

சாரலில் உப்பு ஊறிக் குழைந்துவிட்டது. திரும்பி வந்த கிரிஜா அப்படியே நின்றாள்.

“பாலைவனம் கஞ்சியாயிடுச்சு!” என்று சிரித்தான் உமேஷ்.

“நடுவர் இப்ப வந்துடுவாரே!” கிரிஜா அழுதே விட்டாள்.

சிரிப்பு வரும் என்று நினைத்த சுபாஸ்ரீ, எழுந்து கிரிஜாவிடம் போனாள்.

“அழாதடீ. உயுனியிலயும் மழை பெய்யும். உப்பு மேல மெல்லிசாத் தண்ணி நிக்கும், கண்ணாடி மாதிரி. வானமே அதுல தெரியுமாம். உன் பாட்டிலை எடு!”

இருவரும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீரில் மின்விசிறிதான் தெரிந்தது.

“பொலிவியாவுல ஏது ஃபேன்?” என்றான் உமேஷ்.

சுபாஸ்ரீ தன் மலையைத் தூக்கித் தட்டின் ஓரமாக வைத்தாள்.

“அது உன் மலைடீ!”

“தெரியும். கனக்குது, பிடி.”

தண்ணீருக்குள் ஆண்டிஸ் தலைகீழாக நின்றது.

நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார். “யார் செஞ்சது?”

“ரெண்டு பேரும்,” என்றாள் கிரிஜா முந்திக்கொண்டு.

முதல் பரிசு!

மாலை பஸ்ஸில், இறங்கும்போது கிரிஜா பரிசுக் கோப்பையைச் சுபாஸ்ரீ மடியில் வைத்தாள். “முதல்ல உன் வீட்டுல இருக்கட்டும். உனக்கு நான் பெரிய கடன்பட்டிருக்கேன்டீ.”

பஸ் நகர்ந்தது. மலையைவிடக் கோப்பை கனத்தது. யார் யாருக்குக் கடன் என்று சுபாஸ்ரீக்குத் தெரியும்.

‘ஜன்னலை நான் வேணும்னுதான் மூடலை.’

கிரிஜாவுக்கு அந்த ஒரு வார்த்தை பாக்கி.