எடுத்ததற்கு ஈடு

குழந்தையின் வலது காலில் உறை இல்லை. உஸ்தீனியா தொட்டில் போர்வையை உதறினாள். காலுறைக்குப் பதில் ஓடு உடையாத பைன் கொட்டை ஒன்று உருண்டு விழுந்தது.

பகல்தான். ஆனால் துங்குஸ்கா ஆற்றங்கரையில், அந்தப் போர்க்காலக் குளிரில், பகல் என்பது ஜன்னலில் உறைந்த பனிக்கட்டியைத் துளைத்து வரும் சாம்பல் வெளிச்சம் மட்டும்தான். அடுப்பில் ஈர விறகு சீறியது, மான் தோலின் வாடை புகையோடு கலந்து அறையில் தேங்கி நின்றது, தரைப் பலகைக்கு அடியில் எதுவோ பொறுமையாகப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

நாத்தனார் தாரியா கொட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணி, அந்த அணில் வளையைத் தோண்டுனீங்களே, பதிலுக்கு என்ன வெச்சீங்க?"

"வைக்க எங்கிட்ட என்ன இருந்துச்சு?"

"ஒரு மீன் வால்கூடவா இல்ல? சரி, பாதியாவது விட்டீங்கல்ல?"

உஸ்தீனியா அடுப்பைக் கிளறினாள்.

"அடப்பாவமே, முழுசும் வழிச்சுட்டீங்களா! பாருங்க, அது உங்களைவிட மரியாதை தெரிஞ்சது. எடுத்ததுக்கு ஈடு வெச்சுட்டுப் போயிருக்கு."

சிரித்துக்கொண்டே தாரியா கண்ணி பார்க்கக் கிளம்பினாள்.

உஸ்தீனியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் போர்முனையில். அவளுக்கோ பால் வற்றிவிட்டது. கொட்டையை இடித்து, வெந்நீரில் கரைத்த வெள்ளைப் பாலில்தான் குழந்தை யெகோரின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பனி விழுந்த அன்று தோள்வரை கையை விட்டு அந்த வளையைத் துழாவினாள். இரண்டு தொப்பி நிறையக் கிடைத்தது. அடியில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. வரிபோட்ட அணில், யாரோ வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து, கொட்டை அடக்காத வெறும் கன்னங்களோடு பார்த்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே வழியாகப் போனபோது வளை வாசலில் விறைத்துக் கிடந்தது.

அது செத்துப்போயிற்று. அவளே பார்த்தாள்.

மறுநாள் இடது காலுறை போயிற்று. இரண்டு கொட்டைகள். அதற்கடுத்த நாள் குல்லா. ஒரு கைப்பிடி, சொத்தை ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கியெடுத்தவை.

தொட்டில் வாரைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் உஸ்தீனியா. கண்ணை மூடவில்லை. அடுப்பில் ஒரு விறகு வைக்க மட்டும் குனிந்தாள்.

பிறாண்டல் நின்றது.

நிமிர்ந்தாள். தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் மேடு அப்படியே இருந்தது. விலக்கினாள்.

கொட்டைகள். தொட்டில் நிறைய. வெதுவெதுப்பாக. எச்சில் ஈரத்தோடு.

தரைக்கு அடியில், வெகு ஆழத்தில், யெகோர் சிணுங்கினான்.

பலகையைப் பெயர்த்தாள். உறைந்த மண்ணில் ஒரு துளை. கை நுழையும் அளவுதான். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டாள். உள்ளே கதகதப்பு. காய்ந்த புல்.

"எல்லாத்தையும் திருப்பித் தந்துடறேன்," என்று மண்ணோடு வாய்வைத்துச் சொன்னாள். "பாதி இல்ல. எல்லாத்தையும்."

சிணுங்கல் நின்றது.

மிருதுவான ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையைத் தடவியது. ஒரு கொட்டையை வைத்தது. இன்னொன்று. கை நிறையும்வரை.

பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது.