சூடு பார்த்த பட்டை

யாழிசையின் நெற்றியில் இருந்த வளர்மானி பச்சையாக மாறியது. முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் முடிந்துவிட்டது. இனி ஐந்தே நிமிடத்தில் முடிவு.

"காபி அப்பறம் போட்டுக்கலாம், வந்து உக்காரும்மா!"

ஹேமலதா ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பீளமேட்டில் இந்தத் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் இதே காத்திருப்பு.

முன்பெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தேர்வு மதிப்பெண் போதும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் முழு மதிப்பெண்ணை அள்ள ஆரம்பித்ததும் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அப்படி வந்ததுதான் வளர்மானி. வீட்டுக்கு ஒரு நெற்றிப்பட்டை. தினமும் பத்துக் கேள்வி கேட்கும். ஓராண்டில் ஒரு மூளை எவ்வளவு வளர்ந்தது என்று அளக்கும். விண்ணப்பம் கிடையாது, வயது வரம்பும் கிடையாது. பட்டையைக் கட்டுவதுதான் விண்ணப்பம்.

சுவர்த்திரை ஒளிர்ந்தது.

'யாழிசை. அறிவு: நூறு. வளர்ச்சி: சுழியம். இடமில்லை.'

ஹேமலதா அதை மறுபடியும் படித்தாள். ஆறு வயதிலிருந்து மூன்று பயிற்சி மையங்கள். இந்தப் பட்டை கேட்கக்கூடிய கேள்வி எல்லாவற்றையும் பிள்ளைக்கு முன்கூட்டியே ஊட்டிவிட்டாளே! வளர அதில் இடமேது? எதிர்வீட்டில் யாரோ ஓவென்று அழுதார்கள். அடுத்த வீட்டிலும்.

திரையில் இன்னொரு வரி வந்தது.

'இரண்டாம் மூளை. வளர்ச்சி: நானூறு விழுக்காடு. இடம் உறுதி. பத்து நிமிடத்துக்குள் பட்டை அணிந்து ஒப்புதல் தரவும்.'

"ரெண்டாவது மூளையா?" யாழிசை மெல்லத் திரும்பினாள். "அம்மா, இதை யாரு கட்டுனா?"

"சூடு பாத்தேன் கண்ணு." ஹேமலதா தலையைக் குனிந்துகொண்டாள். "புது மிஷினு, உன் நெத்தியச் சுட்டுறக் கூடாதுல்ல? குளிக்கற தண்ணியில கை வெச்சுப் பாக்கற மாதிரி..."

"ஒரு வருஷமாவா?"

"கட்டுன உடனே கேள்வி கேக்குது. பதில் சொல்லாமக் கழட்டுனா நல்லாவா இருக்கும்?"

யாழிசைக்குச் சிரிப்பு வெடித்தது. பாதியிலேயே அது அழுகையானது.

"மொதல்ல ஒண்ணும் புரியல," என்றாள் ஹேமலதா, தப்புச் செய்த பிள்ளை மாதிரி. கல்யாணத்துக்காக இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டவள் அவள். "அப்பறம் எப்படா விடியும், அடுத்த கேள்வி வரும்னு இருந்துச்சு."

"எனக்கு ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லம்மா."

அந்தச் சொல் ஹேமலதாவை அறைந்தது. "இந்த இடம் எனக்கெதுக்கு? வேண்டாம்னு அனுப்பிடு சாமி! அதைக் கழட்டி வீசு!"

திரையில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது.

யாழிசை பட்டையைக் கழற்றினாள். வீசவில்லை. துடைத்தாள். மறுபடியும் தன் நெற்றியில் ஒரு கணம் வைத்து எடுத்தாள். பிறகு அம்மாவின் தலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சூடு இல்லம்மா. நான் பாத்துட்டேன். கட்டிக்கோ."