கேபிளைப் பிடுங்கியும் வந்த பக்கம்

காலை 9.40. ஜவுளிக்கடையின் புது முகவரி வெப்சைட்டிலிருந்து காணாமல் போயிருந்தது.

அதன் இடத்தில் சிவாஜிநகரில் போன மாதம் மூடிய பழைய கடையின் முகவரி நின்றது. தீபாவளிக்குப் புடவை எடுக்க வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவதாகக் கடைக்காரர் போனில் குமுறினார்.

பெங்களூர் பிரேசர் டவுனில் அந்த வெப்சைட்டை நடத்தும் சின்னக் கம்பெனியின் முதலாளி கணேசமூர்த்தி போனை வைத்தார். 2000-ஆம் வருடம், ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள். கம்ப்யூட்டர்களில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"பன்னெண்டு மணிக்குள்ள யார் தப்புன்னு சொல்லணுமாம். இல்லன்னா வேற கம்பெனிக்குப் போறாராம்."

"புதுப் பொண்ணுதானே சர்வர மாத்துச்சு?" என்றார் சீனியர் ஹெர்பர்ட்.

புதுப் பொண்ணு என்றால் இளவேனில். தென்காசியிலிருந்து வந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஜூலைலயே மாத்திட்டேன் சார். பூஜையன்னிக்கு வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு."

புதிய சர்வரில் பார்த்தாள். புது முகவரி பத்திரமாக இருந்தது. பிரவுசரில் பார்த்தாள். பழையது.

"பிரவுசர் பழச ஞாபகம் வச்சிருக்கும்," என்றார் ஹெர்பர்ட். அதைத் துடைத்தாள். அப்போதும் பழையதுதான். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். பலனில்லை.

10.25. புதிய சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். பிரவுசரில் ஒரு தட்டு தட்டினாள்.

பக்கம் வந்தது. பழைய முகவரியோடு.

ஹெர்பர்ட் பிடுங்கிய கேபிளை எடுத்துப் பார்த்தார்.

"அப்போ பதில் சொல்றது இந்த மெஷினே இல்ல," என்றாள் இளவேனில். "பூஜையன்னிக்குக் கடைசியா கிளம்புனது யாரு?"

"நான்தான்மா," என்றார் கணேசமூர்த்தி.

"எல்லா மெஷினுக்கும் பொட்டு வச்சீங்களா சார்?"

"ஒண்ணையும் விடல."

அவள் நேராகப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைத் திறந்தாள். ஓய்வு கொடுத்த பழைய சர்வர், தலையில் சாமந்திப் பூவோடு, பச்சை விளக்கு மினுக்க ஓடிக்கொண்டிருந்தது.

"குற்றவாளி நீங்கதான் சார். பழசு ஆஃப்ல இருந்ததால அதோட நெட்வொர்க் நம்பரையே புதுசுக்குக் குடுத்திருந்தேன். இப்ப ஒரே நம்பருக்கு ரெண்டு பேரு. யார் கேட்டாலும் இதுதான் முந்திக்கிட்டுப் பதில் சொல்லுது. இது கடைசியா பார்த்தது சிவாஜிநகர் கடையத்தான்."

கணேசமூர்த்தி தலையைச் சொறிந்தார். "நம்ம மொத மெஷின்மா. விளக்கு எரியாம கெடந்துச்சு, மனசு கேக்கல. சுவிட்சப் போட்டு ஆரத்தி காட்டுனேன். அணைக்க மறந்துட்டேன்."

"மூணு மாசம் தூங்கி எழுந்தும் தடங்கல் இல்லாம ஓடியிருக்கு," என்றார் ஹெர்பர்ட். "செட் பண்ணது நான்."

இளவேனில் சிரித்துவிட்டாள். பழையதை அணைத்துவிட்டு, புதியதற்குக் கேபிளை மாட்டினாள். புது முகவரி வந்தது.

கணேசமூர்த்தி கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"தப்பு என்னோடதுங்க. எங்க எஞ்சினியர் செஞ்ச வேலைல ஒரு குறையும் இல்ல. கண்டுபிடிச்சதும் அவங்கதான்... ஆமா, சர்வர மாத்துனவங்களேதான்... புதுப் பொண்ணுன்னு சொல்லாதீங்க. பேரு இளவேனில்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.