பெட்டி கத்தவே இல்லை

அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு, எப்படி என்று குடைந்தெடுப்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் குடைச்சல்தான். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் அம்மா எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். ஒரு கருவி கடைக்கு வருவதற்கு முன்னால் எப்படி இருக்கும் தெரியுமா? மேஜை முழுக்கப் பரப்பிப்போட்ட ஒயர்களாக இருக்கும். அதை வரைந்து, பற்றவைத்து, ஓடவில்லை என்றால் தலையைப் பிய்த்துக்கொண்டு மறுபடி வரைவதுதான் அம்மாவின் வேலை.

இந்த முறை அம்மா செய்தது ஒரு மாத்திரைப் பெட்டி. சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ‘கீக் கீக்’ என்று ஐந்து நிமிடம் கத்தும். அதற்குள் மூடியைத் திறந்தால் சமர்த்தாக அடங்கிவிடும்.

முதல் பெட்டி மாடி வீட்டுப் பெரியப்பாவுக்குப் போனது. அவர் முப்பது வருஷம் தகரப் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர். இதயத்தில் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்தார். மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டால் மறுபடி பட்டறைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாளுக்காகத்தான் பெரியப்பா காத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நடந்தது என்ன? காலை மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. மாலை மாத்திரையோ வாரத்தில் ஆறு நாள் பெட்டியிலேயே கிடந்தது. பெட்டி கத்தவே இல்லை என்று பெரியப்பா அடித்துச் சொன்னார்.

அம்மா பெட்டியைத் தன் மேஜைக்குக் கொண்டுபோய் நூறு தடவை கத்தவைத்துப் பார்த்தாள். நூறு தடவையும் வீடே அதிரக் கத்தியது. அவ்வளவுதான், பெரியம்மா பிடித்துக்கொண்டாள். மத்தியானம் குறட்டை விடுகிறவருக்குப் பெட்டி என்ன, பீரங்கி வெடித்தாலும் கேட்காது என்றாள். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகும்போது பட்டறையை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டாள்.

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். குடைச்சல் யோசிக்க ஆரம்பித்தாள். பெரியப்பா பொய் சொல்லமாட்டார். பெட்டியும் பொய் சொல்லாது. அப்படியென்றால் யார்தான் பொய் சொல்கிறார்கள்?

மறுநாள் பள்ளி விட்டதும் செஸ் பலகையோடு மாடிக்குப் போனாள். பெரியம்மா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. பெரியப்பா நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தார். குதிரையை எங்கே நகர்த்துவது என்று மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தார். பெட்டி அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மணி நாலு. ‘கீக் கீக்’ என்று பெட்டி கத்தத் தொடங்கியது. குடைச்சல் வாயே திறக்கவில்லை. பெரியப்பா நிமிரவும் இல்லை.

“பெரியப்பா, ஏதாவது சத்தம் கேக்குதா?”

“கேக்குதே. கீழ யாரோ கதவைத் தட்டுறாங்க.”

உண்மைதான், கீழே யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாடி தள்ளித் தட்டுவது கேட்கிறது, முழங்கையில் கத்துவது கேட்கவில்லை! அவள் பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது இப்போதும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “எனக்குக் காது போயிடுச்சா?”

“நான் பேசறது கேக்குது இல்ல? அப்ப முழுசாப் போகல. முதல்ல மாத்திரையைப் போடுங்க. எது போச்சு, எது இருக்குன்னு பார்த்துடலாம்.”

அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். மேஜையைக் குத்தினாள், கேட்டது. நாற்காலியை இழுத்தாள், கேட்டது. சாவிக்கொத்தைக் குலுக்கினாள், கேட்கவில்லை. சன்னமாக விசில் அடித்தாள், அதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு கீழே ஓடினாள்.

அம்மா பட்டியலைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“பெட்டியை நூறு தடவை சோதிச்சேன். அத்தான் காதுக்கு அது கேக்குதான்னு ஒரு தடவைகூடப் பார்க்கல.”

வருஷக்கணக்காகப் பலத்த சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் மங்குவது கீச்சுச் சத்தம்தான் என்று அம்மா விளக்கினாள். காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பெரியம்மா வீட்டில் இருந்ததால் அவள் காதுதான் இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறது.

அம்மா பற்றவைக்கும் கருவியைச் சூடாக்கி, கீச்சிடும் சின்ன வில்லையைப் பிடுங்கிவிட்டு ஒரு குட்டி ஸ்பீக்கரைப் பொருத்தினாள். கீச்சுக் குரல் கட்டைக் குரலாகும்வரை கீழே, இன்னும் கீழே இறக்கினாள். அலுவலகத்தில் மற்ற பெட்டிகளையும் மாற்றச் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

அடுத்த நாள் நாலு மணிக்கு, அரை நாள் லீவு போட்ட பெரியம்மா உட்பட எல்லோரும் மாடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டி ‘பொம் பொம்’ என்றது.

“யாரு இது, வயித்து வலி வந்த தவளை மாதிரி?” என்றார் பெரியப்பா.

குடைச்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்து, “நான்தான் உங்களை நம்பல. தப்புதான்” என்றாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரமும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. பட்டறைக்குப் போகலாம், ஆனால் மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்றிக்கொள்ள இனிமேல் காதுமூடி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை காலை பெரியப்பா மாப்பிள்ளை மாதிரி தலைவாரி, பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளி விடுமுறை என்பதால் வாசலில் நின்று கையசைத்த குடைச்சல் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, காதை மூடிக்கிட்டா பெட்டி கத்தறது எப்படிக் கேக்கும்?”

 அம்மா நேராக மேஜைக்குப் போய் ஒயர்களை ஒதுக்கிவிட்டு, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நாலு மணிக்குள்ள கண்டுபிடிக்கணும். வந்து உட்காரு” என்றாள்.