ஈறில் ஒரு நீலக்கோடு

1972 நவம்பர் 20, திங்கள். காலை மணி 6.50.

கையகலக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்தாள் பாக்கியமேரி. கோடு அப்படியேதான் இருந்தது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு மெல்லிய நீலக்கோடு. நாக்கில் செப்புக்காசைச் சப்பியதுபோல் ஒரு சுவை. அடிவயிற்றில் முறுக்கிப் பிழியும் வலி. அவள் வாய்க்குள் யாரோ புகுந்து கைவரிசை காட்டியிருந்தார்கள். யார் என்றுதான் தெரியவில்லை.

கடைத்தெரு பல் டாக்டர் பாலகிருஷ்ணன் போன வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஈறு பூரா கெட்டுப்போச்சும்மா. கீழ்வரிசை மொத்தமும் எடுத்துடணும். வுட்டா தாடை எலும்புக்குப் போயிடும். வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க. கூட ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க."

"கூட யாரும் இல்லீங்க."

"பக்கத்து வூட்டுல?"

பக்கத்து வீட்டில் ஒரு வருடமாகப் பூட்டு தொங்கியது. அவள் அதைச் சொல்லவில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை கடலூருக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்த பல் டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு சொத்தை கெடையாது. ஒண்ணும் ஆடல. இதப் போயி யாராவது புடுங்குவாங்களா? உப்புத் தண்ணியில கொப்புளிங்க, போதும்."

இருவரும் படித்தவர்கள். பார்த்ததும் ஒரே வாயைத்தான். பிடுங்கியபின் தவறு என்று தெரிந்தால் பல் திரும்ப முளைக்காது. பிடுங்காமல் விட்டுத் தாடை போனால் அதற்கும் மாற்று கிடையாது. யாரிடம் கேட்பது? அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அப்பாவும் அம்மாவும் கல்லறைத் தோட்டத்தில். அறையில் அவளும் ஒரு ஸ்டவ்வும்தான். வியாழனுக்குள் தானே துப்புத் துலக்குவது என்று முடிவு செய்தாள்.

காலை 9.15. பொம்மைக் கொட்டகை.

வண்ணம் தீட்டும் அறையில் மூன்றே பேர். பாக்கியமேரியும் அலாவுதீனும் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர்கள். அம்சவல்லி வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிறவள். கிறிஸ்துமஸ் சரக்கு மலைபோல் குவிந்து கிடந்தது. பாக்கியமேரி பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கி, ஒரு கண்ணை முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"அம்சா, வாயத் தொற."

"என்னாக்கா, சந்தையில மாடா வாங்குற? பல்லப் புடிச்சுப் பாக்குற!"

அம்சவல்லியின் ஈறு சிவப்பாக இருந்தது. அவள் குடிப்பதும் அதே கிணற்றுத் தண்ணீர், அதே டீ. மூச்சு விடுவதும் அதே தூசியில்தான். அந்த மூன்றையும் பாக்கியமேரி சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்தாள்.

"பாய், ஒங்களுக்கு?"

அலாவுதீன் துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். அப்புறம் மெல்ல விலக்கினார்.

"எனக்கும் இருந்துச்சு மேரிம்மா. ஒன்னவிடக் கருப்பு. வயித்து வலி வேற. இப்பப் பாரு."

சாம்பல் நிழலாக ஏதோ மிச்சமிருந்தது, அவ்வளவுதான்.

"எந்த டாக்டரு?"

"டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நோன்பு வச்சேன். ஒரு மாசம் வயிறு காஞ்சா கசடெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்."

மதியம் தூக்குச்சட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். தவக்காலத்தில் அவளும் நாற்பது நாள் ஒருவேளைதான் சாப்பிட்டாள். அப்போதும் தினமும் இதே வேலைதான். கோடு முதன்முதலாகத் தடித்ததே அந்த நாட்களில்தான். அவருடைய நோன்பு கழுவியதை அவளுடைய தவம் ஏன் கழுவவில்லை?

அப்படியானால் மருந்து பட்டினி இல்லை.

புதன். மாலை 3.40.

இரண்டு நாளாக அவள் அலாவுதீனின் கையையே கவனித்தாள். வேலை செய்வதுபோல் பாசாங்கு. பிரஷ்ஷின் நுனி பிரிந்தது. அவர் முழங்காலில் கிடந்த ஈரத்துணியில் அதை ஒரு சுழற்றுச் சுழற்றினார். கூர் வந்தது. கண் எழுதினார். மறுபடி பிரிந்தது. மறுபடி துணி.

அவளுடைய பிரஷ் அந்த நேரம் அவள் உதடுகளுக்கு நடுவே இருந்தது.

"பாய், துணி எதுக்கு?"

"நோன்புல கலரு தொண்டைக்குள்ள போனா நோன்பு முறிஞ்சிடுமில்ல? அதான். பழகிடுச்சு, பெருநாளு முடிஞ்சும் அப்புடியே வுட்டுட்டேன்."

"முன்னாடி?"

"ஒன்ன மாதிரிதான். வாயிதான்."

வியாழன். மாலை 4.00.

இடுக்கிகள் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தன.

"ஒக்காருங்கம்மா."

"பல்லெடுக்க வரல டாக்டர். ஆளக் கண்டுபிடிச்சிட்டேன்."

பிரஷ்ஷையும் கலர்ப் பொட்டலத்தையும் தட்டில் வைத்தாள்.

"இதுதான். ஒரு நாளைக்கு எரநூறு கண்ணு எழுதுறேன். ஒவ்வொரு கண்ணுக்கும் இத வாயில வச்சுக் கூராக்குறேன். பெட்டி கட்டுற பொண்ணுக்குப் பிரஷ்ஷும் இல்ல, கோடும் இல்ல. பாய் நோன்புக்காகத் துணிக்கு மாறுனாரு, கோடு அழியுது. நீங்க ஈறப் பாத்தீங்க. கடலூர்க்காரரு பல்லப் பாத்தாரு. நான் என்னா வேல செய்யிறேன்னு ரெண்டு பேருமே கேக்கல."

பாலகிருஷ்ணன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வெகுநேரம் புரட்டினார்.

"ஈயம்," என்றார் கடைசியில். "சூளையில கலரு புடிச்சு நிக்கறதுக்குச் சேப்பாங்க. வெஷம்மா இது. வரிசை பூரா புடுங்கியிருந்தாலும் வயித்து வலி போயிருக்காது." அடுப்பை அணைத்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். ரத்தம் பாத்துக்குங்க. பல்லுல கை வைக்க வேணாம்."

4.35க்குத் தெருவில் இறங்கினாள். ஓடிப்போய்ச் சொல்ல ஒரு வீடு இல்லை. ஸ்டேஷன் ரோட்டில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கொட்டகையின் தட்டி இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். நான்கு பெண்கள் வரிசையாகப் பீங்கான் பொம்மைகளின் மேல் குனிந்திருந்தார்கள். நால்வர் உதட்டிலும் பிரஷ்.

கூப்பிடாத இடத்துக்குள் அவள் இதுவரை போனதில்லை. தட்டியைத் தள்ளினாள்.

"யாரும்மா நீ? என்னா வேணும்?"

"மொதல்ல அத வாயிலேர்ந்து எடுங்க. சொல்றேன்."

ஒருத்தி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பலகையில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.