சிவப்புச் சீட்டு ஒட்டிய கோப்பு

"எங்கப்பா எப்படிச் செத்தாருங்கிறது... எனக்கே ரகசியமா?"

ரயில்வே அலுவலகத்தின் கோப்பு அறையில் லியனார்டின் பேனா நின்றது. நிமிர்ந்தான். சொட்டும் குடை, அதற்கு மேலே இரண்டு பெரிய கண்கள்... வெளியே பெய்த மழையைவிட அவை சீறின.

"கோப்புல சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கு, மிஸ். யாருக்கும் காட்டக்கூடாது."

"மூணு வருஷமா கேக்குறேன். ஒவ்வொரு கிராணியும் இதையே சொல்றீங்க. உங்க வாயிலயும் யாராச்சும் சீட்டு ஒட்டிட்டாங்களா?"

பின்னால் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வேலாயுதம் இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல்.

அவள் பெயர் சாந்தமேரி. அப்பா இருதயம் ரயில் பாதைத் தொழிலாளி. கிள்ளான் பக்கம் தண்டவாளத்தில் விழுந்து இறந்தார். குடித்துத் தள்ளாடினார் என்று பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கப் பேச்சு. அந்த அவமானத்தில் அன்று முதல் அவள் அம்மா மாதா கோயிலில் கடைசி பெஞ்சைவிட்டு முன்னால் வந்ததில்லை. டாக்டர் எழுதிய விசாரணை அறிக்கை அந்தக் கோப்புக்குள் இருந்தது.

மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும் வழியில் மழை வலுத்தது. லியனார்ட் கடைகளின் முன்னே ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கினான். ஒரு குடை வந்து எதிரே நின்றது. அதே கண்கள்...

"கிராணியாருக்குக் குடை இல்லையா?"

"மறந்துட்டேன்..."

"அதையும் ரகசியம்னு அலமாரியில பூட்டிட்டீங்களோன்னு பார்த்தேன். வாங்க லா, நானும் அந்த வகுப்புக்குத்தான் போறேன்."

நாற்பது அடி தூரம்தான். அவன் வலது தோள் முழுக்க நனைந்தது. இடது தோள் மட்டும் ஏனோ சுட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக ரகசியக் கோப்புகளின் பதிவேட்டை எடுத்தான். எதையும் இரண்டு முறை பார்ப்பது அவன் வழக்கம். வரிக்கு வரி அடிக்கோல் வைத்துப் பார்த்தான். இருதயத்தின் கோப்பு எண் 217... இல்லை. மறுபடி பார்த்தான். இல்லை.

கோப்பை எடுத்து அதில் ஒட்டிய சீட்டைப் பார்த்தான். எழுத்து அவனுடையது!

வேலைக்கு வந்த முதல் வாரம். "மூணாவது தட்டுக்கெல்லாம் சீட்டு ஒட்டு" என்றார் வேலாயுதம். அவர் எப்போதும் தரையிலிருந்து எண்ணுவார். ஏணியில் நின்ற லியனார்ட் மேலிருந்து எண்ணிவிட்டான். மூன்று வருடமாக உண்மையான ரகசியங்கள் சீட்டில்லாமல் கிடந்தன. அவற்றை ஒருவரும் கேட்கவில்லை.

சீட்டைக் கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கை போனது... திரும்பியது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பான்?

"ஐயா, தப்பு என்னுடையது" என்றான்.

வேலாயுதம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பார்க்காம கையெழுத்துப் போட்டவன் நான். எழுதிக் கொடு தம்பி, ரெண்டு பேருமா திட்டு வாங்குவோம்."

வாங்கினார்கள். லியனார்டின் பதவி உயர்வு நின்றது. கோப்பு திறந்தது.

"நீங்களே படிங்க..." என்றாள் மேரி. கோப்பை அவன் பக்கமே தள்ளினாள்.

ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் படித்தான். "மதுவின் வாடை இல்லை. கடும் மலேரியாக் காய்ச்சலில் மயங்கி விழுந்திருக்கிறார். நோயுற்ற நண்பனுக்கு மாற்றாக அன்று வேலைக்கு வந்தவர்."

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு சொன்னான். "அந்தச் சீட்டை ஒட்டினது... நான்தான்."

அவள் எழுந்தாள். குடையை மறந்துவிட்டு மழையில் போனாள்.

எட்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய குடையோடு கோயிலுக்குப் போனான். முதல் பெஞ்சில் அவள் அம்மா!

பூசை முடிந்ததும் தூறலில் மேரி எதிரே வந்தாள்.

"கோபமா?" என்றான்.

"இருந்துச்சு. மூணு வருஷம் லா... ஆனா கிழிச்சுப் போட்டுட்டு சும்மா இருந்திருக்கலாமே? ஏன் சொன்னீங்க?"

"உங்ககிட்ட மறைக்க முடியல. இன்னொண்ணும் மறைச்சு வச்சிருக்கேன்..."

"அதுக்கும் சீட்டு ஒட்டியாச்சா?"

"ஒட்டிப் பார்த்தேன். நிக்கல."

"சொல்லுங்க. இதையும் மூணு வருஷம் என்னால கேட்டுட்டு நிக்க முடியாது."

குடையை விரித்து அவள் பக்கம் நீட்டினான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, மேரி."

அவள் குடைக்குள் வந்தாள். கண்கள் மட்டும் சிரித்தன.

"இதை எங்கம்மாகிட்டயும் வந்து படிச்சுக் காட்டுங்க, கிராணியாரே..."