பீப் சத்தமும் ஒரு சின்ன இடைவெளியும்

பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் பத்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தொடங்கும்போது "பீஈஈப்!" என்று கத்தும்.

மற்றவர்களுக்கு அது சிரிப்பு. 'முயல்' என்கிற சிறுமிக்கோ உயிரே போய்விடும். திடீர்ச் சத்தம் அவளுக்கு ஆகவே ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிடுவாள். அப்படித் துள்ளி ஓடியதால்தான் வகுப்பில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

இன்றும் ஓடினாள். பின்னாலேயே அவள் தோழி போனாள். அந்தத் தோழிக்குப் பட்டப்பெயர் 'கேள்வி'. எதையாவது கேட்டுக்கொண்டே இருக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஆனால் இப்போது ஒன்றுமே கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இனிமே கம்ப்யூட்டர் கிளாஸுக்கு வரலைடி," என்றாள் முயல். கண் கலங்கியிருந்தது. "நீயே டீச்சர்கிட்ட சொல்லிடு."

"அதுல படம் வரையறதுன்னா உனக்கு உசுராச்சே!"

முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேள்விக்கு மனசு கேட்கவில்லை. விறுவிறுவென்று டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், இந்தச் சத்தத்தை நிறுத்தவே முடியாதா?"

டீச்சர் பெருமூச்சு விட்டார். "நேத்தே நிறுத்தப் பார்த்தேம்மா. கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. போட்டதும் முதல்ல எழுந்து வேலையை ஆரம்பிக்கிறது அதுதான். எதெல்லாம் வேண்டாம்னு ஒரு வரியில எழுதி வெச்சா, படிச்சுப் பார்த்து அணைச்சிடும். கேமராவும் பீப்பும் வேண்டாம்னு எழுதினேன். கேமரா அணைஞ்சிடுச்சு. பீப் மட்டும் அடம் பிடிக்குது."

"அந்த வரியை அது எப்படிப் படிக்கும்?"

"ஒவ்வொரு துண்டாப் படிக்கும். இடைவெளி வந்தா ஒரு துண்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"படிச்சிட்டு என்ன சொல்லிச்சுன்னு பார்க்கலாமா?"

டீச்சர் அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் தொடங்கியபோது திரையில் ஓடிய வரிகளைத் திரும்ப வரவழைத்தார். கேள்வி, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரிக் குனிந்து படித்தாள்.

அணை=கேமரா, பீப்

சற்றுக் கீழே இன்னொரு வரி இருந்தது.

தெரியாத சொல்: பீப். விட்டுவிட்டேன்.

"டீச்சர்! கமாவுக்கு அப்புறம் இடைவெளி இருக்கே! அப்போ 'அணை' கேமராவோட முடிஞ்சுபோச்சு. பீப் தனியா நிக்குது. அதை என்ன செய்யணும்னு யாரும் அதுக்குச் சொல்லலையே!"

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நோட்டுல எழுதற பழக்கத்துல இடம் விட்டுட்டேன். பத்துலயும் அதே வரி வேற!"

பத்திலும் அந்த இடைவெளியை அழித்தார்கள். டீச்சர் பொத்தானை அழுத்தப் போனார்.

"இருங்க டீச்சர்!" கேள்வி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். "ஒருவேளை கத்திடுச்சுன்னா அவ பயந்துடுவா."

ஒன்றைப் போட்டார்கள். கத்தவில்லை. மீதி ஒன்பதையும் போட்டார்கள். மின்விசிறி சுற்றுவது மட்டும்தான் கேட்டது.

கேள்வி கதவைத் திறந்தாள். முயல் காதைப் பொத்தியபடியே எட்டிப் பார்த்தாள். கேள்வி உள்ளே கையைக் காட்டினாள். பத்துத் திரைகளும் பளிச்சென்று எரிந்தன.

முயல் ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு காதிலிருந்தும் எடுத்தாள்.

"என்னடி, ரிப்பேராயிடுச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லடி. நமக்கு எது வேண்டாம்னு அதுக்கு இப்பதான் புரிஞ்சுது."

முயல் உள்ளே வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.